அறையைப் பார்க்குமுன் பொறுப்பாளரைப் பாருங்கள்

பிரியமான பெற்றோரே, கல்லூரிப் படிப்புக்காகப் பெங்களூருவில் காலடி வைக்கும் பிள்ளைகளே,

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில், இந்நகரில் குடியேறி வாழும் நம் வீடுகளின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். நாசரேத்திலிருந்து அக்காள் பேசுவார். நாகர்கோவிலிலிருந்து மைத்துனர் பேசுவார். கோலார் தங்கவயலிலிருந்து சித்தப்பா பேசுவார். "பிள்ளைக்கு அங்கே காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் இடமில்லை என்கிறார்கள். நல்ல ரூம் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பதே எல்லாருடைய வேண்டுகோளும்.

"நல்ல ரூம்" என்றால் என்ன? வாடகை குறைவாக இருக்கவேண்டும், கல்லூரி அருகில் இருக்கவேண்டும், சுவரும் தரையும் சுத்தமாக இருக்கவேண்டும், சாப்பாடு கிடைக்கவேண்டும் என்று நாம் பட்டியலிடுகிறோம். இவை யாவும் வேண்டியவைதாம். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இடத்தில் என் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? கதவுக்கு யார் பொறுப்பு? தண்ணீருக்கு யார் பொறுப்பு? நாம் கொடுக்கும் பணத்துக்கு யார் பொறுப்பு? இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடமே நல்ல இடம்.

கோரமங்கலாவில் நடந்த துயரம்

2024-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி இரவு, கோரமங்கலாவில் பெண்கள் தங்கும் பேயிங் கெஸ்ட் விடுதி ஒன்றில் வெளிமாநிலத்து இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருக்கு வயது 24. இந்நகரில் வேலை செய்து வந்தவர். கொலையாளி இரவு 11 மணியளவில் விடுதிக்குள் நுழைந்து, மூன்றாம் மாடி வரை ஏறிச் சென்றிருக்கிறான். சில நாட்களுக்குப் பின் மத்தியப் பிரதேசத்தில் அவன் பிடிபட்டான். நடந்த கொடுமை முழுவதையும் அந்த விடுதியின் கேமரா பதிவு செய்திருந்தது.

அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் தடுத்து நிறுத்த வாசலில் ஆள் இல்லை. "எங்கள் பி.ஜி.யில் சி.சி.டி.வி. இருக்கிறது" என்று சொல்லக் கேட்டவுடன் மனம் ஆறுதலடையும் பெற்றோர் இதை மறந்துவிடக் கூடாது.

இத்துயரத்துக்குப் பின், அப்போது நகரை நிர்வகித்து வந்த பெங்களூரு மாநகராட்சி 2024 ஆகஸ்டு மாதத்தில் பி.ஜி. விடுதிகளுக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 70 சதுர அடி இடம் இருக்கவேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் தண்ணீர் கிடைக்கவேண்டும். நுழைவாயில்களிலும் வெளியேறும் வழிகளிலும் கேமரா வைத்து, அதன் பதிவை 90 நாட்கள் பாதுகாக்கவேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் காவலாள் இருக்கவேண்டும். தீயணைப்புத் துறையின் சான்று, சமையலறை இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம், முதலுதவிப் பெட்டி ஆகியவையும் இருக்கவேண்டும். இவற்றோடு மாநகராட்சியிடம் பெற்ற வணிக உரிமமும் கட்டாயம்.

2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலாகப் பெருநகர பெங்களூரு ஆணையம் அமைந்தது. நிர்வாகம் மாறினாலும், அந்த நெறிமுறைகள் பெற்றோர் கையில் நல்லதோர் அளவுகோலாக இருக்கின்றன. மூன்று பேருக்கான அறை என்று காட்டப்பட்டால், 210 சதுர அடி இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் 15 அடி, அகலம் 14 அடி. தையற்காரரின் அளவுநாடா ஒன்று கையிலிருந்தால் இரண்டு நிமிட வேலை. வணிக உரிமத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். உரிமம் உள்ளவர் தயங்காமல் காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கத் தேவையில்லை.

பி.ஜி.யா, பங்கு வீடா?

கல்லூரிக்கு வெளியே தங்கும் மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உணவோடு கூடிய பி.ஜி. விடுதி. மற்றது, மூவர் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் அடுக்குமாடி வீடு.

பி.ஜி.யில் உள்ளே நுழைவது எளிது. ஒன்று அல்லது இரண்டு மாத முன்பணம், ஒரு பெட்டி, ஒரு படுக்கை விரிப்பு போதும். மின்சாரம், தண்ணீர், சமையல் ஆகிய கவலைகள் விடுதி நடத்துபவருடையவை. முதலாம் ஆண்டு மாணவருக்கு, நகரின் வழிகளைக் கற்கும் வரையில், இதுவே ஏற்றது. ஆனால் கட்டடத்தின் உரிமையாளர் வேறு, விடுதியை நடத்துபவர் வேறு, நாள்தோறும் சாவியோடு நிற்கும் மேற்பார்வையாளர் வேறு என்பது இங்கே மிகுதியாகக் காணப்படும் நிலை. மூவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கவேண்டும். இரவு 10 மணிக்கு மேற்பார்வையாளரை அழைத்துப் பாருங்கள். எடுத்துப் பேசுகிறாரா என்பதே ஒரு சோதனைதான்.

பங்கு வீட்டில் சுதந்திரம் அதிகம். செலவைப் பகிர்ந்துகொண்டால் மிச்சமும் உண்டு. ஆனால் அங்கே பொறுப்பு முழுவதும் பிள்ளைகளின் தோளில் ஏறுகிறது. கேஸ் தீர்ந்தாலும், மோட்டார் பழுதானாலும், பக்கத்து வீட்டார் முறையிட்டாலும் அவர்களே பார்த்துக்கொள்ளவேண்டும். எனவே இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, ஒருவரையொருவர் நன்கறிந்த நண்பர்கள் சேரும்போது இதை யோசிக்கலாம். அறிமுகமில்லாத நால்வரை ஒரு புரோக்கர் சேர்த்து வைக்கும் வீடு, பாதி ஆண்டிலேயே கலைந்துபோவதைப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 18 வயது நிறைவடையாத பிள்ளை போடும் கையெழுத்து ஒப்பந்தமாகாது. 17 வயதில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்காகத் தகப்பனோ தாயோதான் கையெழுத்திடவேண்டும்.

பத்து மாத அட்வான்ஸ்

தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோரைத் திகைக்க வைப்பது பெங்களூருவின் அட்வான்ஸ் வழக்கம். இங்கே பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்து வருகிறது. பேசிப் பார்த்தால் ஐந்து அல்லது ஆறு மாதத்துக்கு இறங்கி வரும் வீட்டுக்காரரும் உண்டு. ஆகையால் கூச்சப்படாமல் பேசுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தது. ஆனால் ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக ஏற்றாலொழிய அது அங்கே செல்லாது. கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, பெங்களூருவில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையுள்ள இடங்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே, நம் பிள்ளைகள் குடியேறும் வீடுகளில் உங்களுக்குள்ள பெரிய பாதுகாப்பு நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமே. அதில் எழுதப்படாத வாய்ச்சொல் எதையும் நம்பவேண்டாம்.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் செலவைக் கணக்கிடவேண்டும் என்னும் உவமையை நாம் அறிவோம். அவ்வாறே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 24,000 ரூபாய் உள்ள வீட்டில் நான்கு மாணவர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 2,40,000 ரூபாய்; ஒவ்வொருவருக்கும் 60,000 ரூபாய். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்றால் ஆளுக்கு 6,000 ரூபாய். முதல் மாத வாடகையில் ஆளுக்கு 6,000 ரூபாய். கட்டிலும் அடுப்பும் வாங்குமுன்பே ஒரு குடும்பம் 72,000 ரூபாய் எடுத்து வைக்கவேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே வழக்கம். அதையும் சேர்த்தால், கொடுத்த 60,000 ரூபாயில் திரும்பி வருவது 54,000 ரூபாய்.

இந்த நால்வரில் ஒருவர் ஆறாம் மாதத்தில் விலகிப் போனால் அவருடைய 60,000 ரூபாயை யார் கொடுப்பது? வீட்டுக்காரர் கொடுக்கமாட்டார், அவருக்கு வீடு இன்னும் காலியாகவில்லை. மீந்திருக்கும் மூவரிடமும் அவ்வளவு பணம் இராது. நட்பு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகையால் விலகுகிறவர் புதியவர் ஒருவரைக் கொண்டுவந்து, அவரிடமிருந்து தம் பங்கைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று நான்கு குடும்பங்களும் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவது நலம். வீட்டுக்காரருடன் செய்யும் ஒப்பந்தத்திலும் நால்வர் பெயரும் இருக்கட்டும்.

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதே இதற்குக் காரணம். அதில் பாதகமில்லை. ஆனால் அட்வான்ஸ் எத்தனை நாட்களில் திரும்பத் தரப்படும், வெள்ளையடிக்கப் பிடிக்கும் தொகை எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு உயரும், பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கவேண்டும். பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி, கதவு ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். பின்னாளில் வரும் வாக்குவாதங்கள் பலவற்றை அது தவிர்த்துவிடும்.

நம் ஊர்களில் ஒத்தி என்பதை இங்கே லீஸ் என்கிறார்கள். பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகையின்றி இருந்து, முடிவில் முழுத்தொகையையும் பெறும் முறை அது. வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்த வீட்டை இடைத்தரகர்கள் வேறொருவருக்கு லீசுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்த வழக்குகள் இந்நகரில் பல. சொத்து வரி ரசீதில் உள்ள பெயரும் பணம் பெறுகிறவர் பெயரும் ஒன்றாயிருக்கிறதா என்று பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதிருங்கள்.

பி.ஜி. கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. வரியும் கேட்கப்படுவதுண்டு. விடுதிக் கட்டணத்துக்கு 12 சதவீத வரி உண்டென்று 2023 ஜூலையில் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் கூறியது உண்மையே. ஆனால் 2024 ஜூன் 22-இல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாட்களாவது தங்குவோருக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கும் வந்தது. உங்கள் பிள்ளை ஓர் ஆண்டு தங்கப்போகிறார் என்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தண்ணீரும் உணவும்

2024 மார்ச்சு மாதத்தில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததை நாம் கண்கூடாகக் கண்டோம். நகரின் ஏறக்குறைய 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று அரசே கூறியது. தண்ணீர் லாரிகளுக்கு அரசு விலை வரையறுக்க நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16-இல் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அத்திட்டம், நகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களைக் கருதி வகுக்கப்பட்டது. புதிய கல்லூரிகளும் மலிவான வாடகை வீடுகளும் மிகுந்திருப்பது இத்தகைய புறநகர்ப் பகுதிகளில்தான். எனவே வீடு பார்க்கும்போது, "காவிரித் தண்ணீர் வருகிறதா, போர்வெல்லா, லாரியா? கோடையில் லாரிக்கு யார் பணம் கொடுப்பது?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்பதோடு நில்லாமல், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களையும் கேளுங்கள். ஏப்ரல் மாதம் எப்படி இருந்தது என்று அவர்கள் உள்ளபடி சொல்வார்கள்.

குடிக்கும் தண்ணீருக்குத் தனிக் கவனம் வேண்டும். 2024 ஏப்ரலில் பெங்களூரு மருத்துவக் கல்லூரியின் பெண்கள் விடுதியைச் சேர்ந்த 47 மாணவியர் வயிற்றுப்போக்கால் விக்டோரியா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிலருக்குக் காலரா உறுதியானது. மருத்துவம் படிப்போரின் விடுதிக்கே அந்நிலை என்றால், தனியார் விடுதியில் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது, மேல்தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஒருவேளை உணவை அங்கே பிள்ளையோடு உட்கார்ந்து உண்டு பாருங்கள்.

வழியும் நேரமும்

கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எத்தனை நிமிடம், எந்த வழியாக என்பதே இந்நகரில் முக்கியம். சில்க் போர்டு சந்திப்பில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2023 அக்டோபரில் ஊதா வழி சல்லகட்டா முதல் ஒயிட்பீல்டு வரை முழுமையடைந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழி திறக்கப்பட்டது. ஆகவே ஞானபாரதியில் பெங்களூரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை, ஊதா வழியில் தொலைவிலுள்ள உறவினர் வீட்டிலிருந்தும் சென்று வரலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் படிப்பவர் ஜெயநகர்ப் பக்கத்தில் தங்கலாம். கொத்தனூர் போன்று மெட்ரோ எட்டாத பகுதிகளில் படிப்போர், கல்லூரிக்கு நடந்து செல்லும் தூரத்தில் தங்குவதே நல்லது. 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி திட்டத்தின்படி, கர்நாடக முகவரி உள்ள மாணவியர் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். இங்கேயே வளர்ந்த நம் பெண்பிள்ளைகளின் செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் பார்த்த வீட்டை இரவு 8 மணிக்கு மீண்டும் ஒருமுறை பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்து செல்லுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, மதுக்கடை வழியில் உண்டா, காலி மனையைக் கடக்கவேண்டுமா என்று பாருங்கள். நூலகத்திலிருந்து உங்கள் மகள் திரும்பி வரப்போவது அந்த நேரத்தில்தான்.

கல்லூரிக்கும் கடமை உண்டு

பிள்ளை வெளியே தங்கினால் கல்லூரியின் பொறுப்பு வாசலோடு முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. ராகிங் கொடுமையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட விதிமுறைகள், வளாகத்துக்கு வெளியே நடப்பதையும் உள்ளடக்கியவை. மாணவர் தாம் தங்கியிருக்கும் முகவரியைக் கல்லூரிக்குத் தெரிவிக்கவேண்டும்; வீடு மாறினால் உடனே அறிவிக்கவேண்டும். மாணவர்கள் தங்கும் பகுதிகளைப் பிரித்து ஆசிரியர்களிடம் ஒப்படைத்துக் கண்காணிக்கும் கடமை கல்லூரித் தலைவருக்கு உண்டு. "எங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்?" என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். நாடு முழுவதற்குமான ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. கட்டணமில்லாத அந்த எண்ணைப் பிள்ளையின் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

சபைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

விடுதிப் படிவத்தில் "உள்ளூர்ப் பாதுகாவலர்" என்று ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் அதில் பெயரைக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் ஆராதனையில்தான் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறோம். பெயர் கொடுத்தவர் மாதம் ஒருமுறையாவது அந்த அறைக்குச் சென்று வரவேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒருவேளை உணவுக்கு வீட்டுக்கு அழையுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பல செய்திகளை அறிந்துகொள்ளலாம். பேச நேரமில்லாத பெற்றோரிடம் சொல்லாததை, சோறு பரிமாறும் அத்தையிடம் பிள்ளைகள் சொல்வதுண்டு.

நம் சபைகளில் சொந்த வீடு கட்டி, மேல்மாடியை மாணவருக்கு வாடகைக்கு விட்டிருப்போரும் இருக்கிறார்கள். புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்கவேண்டும் என்ற கட்டளை உபாகமத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவன் தவறி விழுந்தால் அதற்கு வீட்டுக்காரனே பொறுப்பு என்பது அதன் கருத்து. தாழ்ப்பாள் சரியில்லாத கதவும், பழுதான மின்கம்பியும், திருப்பித் தரத் தாமதிக்கும் அட்வான்ஸும் இக்காலத்தின் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிகள். தூரத்து ஊரில் ஒரு தகப்பன் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பணம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்

வீடு பார்க்கப் போகும்போது கையில் இருக்கவேண்டிய கேள்விகள்:

1. உரிமையாளர், நடத்துபவர், சாவி வைத்திருப்பவர் யார் யார்? அவர்களின் எண்கள் என்ன?

2. இரவில் வாசலில் ஆள் உண்டா? வெளியார் எதுவரை வரலாம்?

3. வணிக உரிமமும் தீயணைப்புச் சான்றும் காட்டப்பட்டனவா? இரண்டாவது படிக்கட்டு உண்டா?

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோடையில் செலவு யாருடையது?

5. அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பும், எவ்வளவு பிடிக்கப்படும்? எழுத்தில் உள்ளதா?

6. இரவு 8 மணிக்கு வழி எப்படி இருக்கிறது?

7. ஏற்கெனவே தங்கியிருக்கும் இருவரிடமாவது தனியாகப் பேசினீர்களா?

பிரியமானவர்களே, பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்கும் தாய்மார் நம் சபைகளில் அநேகர். அந்த ஜெபத்தோடு, ஒருநாள் முழுவதும் ஒதுக்கி, இந்த ஏழு கேள்விகளையும் கேட்டு வாருங்கள். விடுமுறைக்குக் காத்திராமல், அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள். கொடுத்த பின் கேட்கும் கேள்விக்கு இந்நகரில் பதில் கிடைப்பது அரிது.